காதில் பாட்டு, கையில் பாடம்

அன்புள்ள ஐயா,

ஹெட்போன் இல்லாமல் எனக்குப் படிக்க உட்காரவே முடிவதில்லை. பிடித்த பாட்டு ஓடினால்தான் மனம் நிற்கிறது. அது கவனத்தைக் கெடுக்கும் என்று அப்பா திட்டுகிறார். மேற்கத்திய இசைமேதை மொசார்ட்டின் இசையைக் கேட்டால் மூளை கூர்மையாகும் என்றும் சொல்கிறார்களே, எது உண்மை?

ஒரு கல்லூரி மாணவன்

அன்புள்ள தம்பி,

மொசார்ட் கதையை முதலில் முடித்துவிடுவோம். 1993-ல் கலிஃபோர்னியாவில் 36 மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. மொசார்ட்டின் பியானோ இசைப்படைப்பு ஒன்றைப் பத்து நிமிடம் கேட்டவர்கள், மடித்து வெட்டிய காகிதத்தைப் பிரித்தால் எப்படியிருக்கும் என்று ஊகிப்பது போன்ற புதிர்களைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்கள். கால் மணி நேரத்துக்குள் அந்தப் பலன் கரைந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். இதை நம்பி 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்டார்!

பிறகு கனடாவில் சோதித்தவர்கள், கேட்டவர்களின் உற்சாகத்தைக் கணக்கிலிருந்து கழித்துப் பார்த்தார்கள். மொசார்ட்டுக்கென்று தனி மகிமை எதுவும் மிஞ்சவில்லை. கதை கேட்பதை விரும்பியவர்களுக்குக் கதையே அதே வேலையைச் செய்தது. ஆக, பாட்டு அறிவைக் கூட்டுவதில்லை. சோர்ந்த மனதைத் தட்டி எழுப்புகிறது, எழுந்த மனம் சற்று நன்றாக வேலை செய்கிறது. படிக்க உட்காரப் பாட்டு உதவுகிறது என்று நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

உட்கார்ந்த பிறகுதான் சிக்கல். பாடத்தில் ஒரு வரியைப் படித்து மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறீர்கள். அந்த நேரம் பார்த்துச் சரணம் வருகிறது. உங்களுக்கு அது மனப்பாடம், உள்ளே நீங்களும் பாட ஆரம்பித்துவிடுகிறீர்கள். பாடத்தின் வரி நழுவுகிறது, மறுபடி மேலிருந்து படிக்கிறீர்கள். மனதுக்குள் ஒரு குரலுக்குத்தான் இடம். பிடித்த பாட்டென்றால் பரவாயில்லை என்று தோன்றும். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைக்கச் சொன்னபோது, பிடித்த பாட்டும் பிடிக்காத பாட்டும் ஒன்றுபோலவே கெடுத்தன. (இதை அப்பாவிடம் காட்ட வேண்டாம்.)

நோட்டை அழகாகப் பிரதி எடுக்கிறீர்கள், படத்துக்கு வண்ணம் தீட்டுகிறீர்கள் என்றால் தாராளமாகக் கேளுங்கள். மனப்பாடமோ புரியாத பாடமோ என்றால், முன்னதாகவே இரண்டு பாட்டு கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். சுற்றிலும் பேச்சுச் சத்தம் தாங்கவில்லையா? சரி, பாடல் வரிகளே இல்லாத வாத்திய இசையை மெல்ல ஓடவிடலாம்.