குளிர்காலத்தில் கோடியக்கரைக்குப் போனால் பறவையே இருக்காது என்கிறார்களே, உண்மையா? பிள்ளைகளோடு போகலாமா?

போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் கொடுத்திருக்கும் விவரம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. டிசம்பர் கடைசி வாரம், தஞ்சாவூரில் காலைச் சாப்பாட்டை முடித்துக் காரில் கிளம்பி, மதியத்துக்குள் கோடியக்கரைச் சரணாலயத்தைப் பார்த்துவிட்டு, மாலை வேளாங்கண்ணி. இப்படி வந்தால் நீங்களும் வீடு திரும்பி "பறவையும் இல்லை ஒன்றும் இல்லை, பெட்ரோல்தான் தண்டம்" என்று எழுதிவிடுவீர்கள். எங்கள் ஊரைப் பற்றி இப்படி எழுதுகிறவர்களைப் படித்துப் படித்து மனசு நொந்துபோய்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

நான் கோடியக்கரைக்குப் பக்கத்தில், வேதாரண்யத்தில் பிறந்து வளர்ந்தவள். சித்தப்பா வாழ்நாள் முழுக்க உப்பளத்தில் வேலை பார்த்தவர். நான் பறவை ஆராய்ச்சியாளர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் யாராவது வந்து திருத்தினால் சந்தோஷம்தான். ஆனால் "ஊர்ப்பாசத்தில் பேசுகிறாள்" என்று மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

பறவைகள் அக்டோபரிலேயே வந்து இறங்க ஆரம்பித்துவிடும், மார்ச் வரை இருக்கும். ஆனால் எந்த இடத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் ஆழம். கொசு உள்ளான் என்று ஒன்று வரும். 20, 30 கிராம்தான் இருக்கும். வட துருவத்தை ஒட்டிய சைபீரியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வருகிற பறவை. அதன் கால் எவ்வளவு நீளம் இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். விரற்கடை ஆழத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் அதற்கு அங்கே பிழைப்பு இல்லை. நவம்பர், டிசம்பரில் மழை நன்றாகப் பெய்தால் சதுப்பு முழுக்க ஒரே வெள்ளக்காடாக இருக்கும். உள்ளான்களெல்லாம் எங்கெங்கோ கரையோரமாகச் சிதறிப் போய்விடும். பொங்கல் கழிந்து தண்ணீர் வற்ற ஆரம்பித்ததும் சேறு வெளியே தெரியும், சேற்றில் புழுவும் சின்ன நண்டும் இருக்கும், பறவைகள் கூட்டமாகக் கூடும். பூநாரைக்கு (ஃபிளமிங்கோ) நீண்ட கால் இருப்பதால் இன்னும் கொஞ்சம் ஆழத்திலும் நிற்கும், ஆனால் அதற்கு உப்புத்தண்ணீர் வேண்டும். மழைத் தண்ணீர் குறைந்து உப்பு ஏறினால்தான் அது தின்கிற பாசியும் சின்னச் சின்ன இறால் பூச்சியும் பெருகும். ஆக, பெரும்பாலும் ஜனவரி பாதிக்கு மேல், பிப்ரவரி. மழை குறைந்த வருஷமென்றால் முன்கூட்டியே.

இனி எங்கள் வீட்டில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். சில வருஷம் முன்பு அக்காவும் அத்தானும் பெங்களூரிலிருந்து வந்தார்கள். அத்தானோடு வேலை பார்க்கும் ஒருவரும் குடும்பத்தோடு கூடவே வந்தார். அதுவும் கிறிஸ்துமஸ் விடுமுறைதான். அவர் கையில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். முதல் நாள் பதினோரு மணிக்குப் போனோம். சித்தப்பாவும் வந்தார். வழியில் வெளிமான் பார்த்தார்கள், காட்டுக்குதிரை பார்த்தார்கள், பிள்ளைகளுக்குக் குஷி. பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறி நின்றால் கானல்தான் பறக்கிறது. வெகுதூரத்தில் தண்ணீருக்கு மேல் வெளேரென்று ஒரு கோடு. சித்தப்பா கையை நீட்டி, "அதோ, பூநாரை நிக்கிது பாருங்க" என்றார். அந்த நண்பர் லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு, "அது உப்புக் குவியல் சார்" என்றார். சித்தப்பா, "மழைக்காலத்துல எங்கேங்க உப்பு குவிப்பாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். யாரும் காதில் வாங்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

உப்பளத்திலேயே நாற்பது வருஷம் கிடந்த மனுஷனிடம் எது உப்பு, எது பறவை என்று சொல்லிக்கொடுத்தது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அன்று ராத்திரி சித்தப்பா அத்தானிடம், "மாப்ள, விடியக்காலம் அஞ்சரைக்கு எழுந்திருங்க, நான் காட்டுறேன்" என்றார். அந்த நண்பர் குடும்பம் வேளாங்கண்ணிக்குக் கிளம்பிவிட்டது. அத்தானும் அக்கா மகளும் நானும் மட்டும் சித்தப்பாவோடு போனோம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி ஒரு வரப்பைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிப்போனார். வாடைக்காற்று இரண்டு நாளாகத் தண்ணீரைத் தெற்கே தள்ளியிருப்பதால் இந்தப் பக்கம் சேறு திறந்திருக்கும் என்பது அவர் கணக்கு. அப்படியே இருந்தது. நெடுங்கால் உள்ளான் காலடியிலேயே கத்திக்கொண்டு எழுந்தது. பவளக்காலி, பச்சைக்காலி, உப்புக்கொத்தி, அதற்கப்பால் கொசு உள்ளான்கள் சேற்றோடு சேறாக ஓடிக்கொண்டிருந்தன. ஓடாமல் நின்றால் கண்ணுக்கே தெரியாது. அப்புறம் ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தது. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் எழுந்தது. ஒரு திருப்பத்தில் வெள்ளையாகத் தெரியும், அடுத்த திருப்பத்தில் பழுப்பாகிக் காணாமல் போகும். அக்கா மகளுக்கு அப்போது எட்டு வயது. "தாத்தா, யார் சொல்லி எல்லாம் ஒண்ணா திரும்புது?" என்று கேட்டாள். "யாரும் சொல்றதில்லம்மா, பக்கத்துல இருக்கறதப் பாத்து பாத்து திரும்புது" என்றார் சித்தப்பா. பிறகு படித்துப் பார்த்தேன், ஆராய்ச்சியாளர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

முதல் நாள் பார்த்த வெள்ளைக் கோடும் அங்கேதான் இருந்தது. காலை வெளிச்சத்தில் அதன் இளஞ்சிவப்பு தெரிந்தது. பூநாரைதான்.

அந்த நண்பர் போகிற வழியிலேயே கூகுள் மேப்பில் கோடியக்கரைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதிவிட்டார். நான் அதற்குக் கீழே நிதானமாக விளக்கம் எழுதினேன். "உள்ளூர்க்காரர்கள் வியாபாரத்துக்காக இப்படித்தான் சொல்வார்கள்" என்று பதில் வந்தது. எங்கள் குடும்பத்துக்கு லாட்ஜும் கிடையாது, ஹோட்டலும் கிடையாது, வாடகைக் காரும் கிடையாது.

சரி, நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பறவைகள் குறைந்திருப்பது உண்மை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவை பிடித்துக் காலில் வளையம் போட்டுப் பறக்கவிட்டிருக்கிறார்கள். பிகாரிலிருந்து பரம்பரையாகப் பறவை பிடிப்பவர்களையே வரவழைத்திருந்தார்கள். அந்த ஆராய்ச்சியாளர்களே சின்ன உள்ளான்கள் முன்போல் வருவதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல தண்ணீர் வரத்து குறைந்தது, சதுப்பின் உப்புத்தன்மை மாறியது என்று காரணங்கள் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் கண்ணி வைத்துப் பிடித்துக் கறிக்கு விற்றதும் நடந்தது, மறைக்கப் போவதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் காட்டையே புரட்டிப் போட்டது. இவ்வளவுக்குப் பிறகும் வருகின்றன. 1967 முதல் சரணாலயம், 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியம் என்று அறிவிக்கப்பட்ட ஈரநிலம். சும்மா யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பறவை வருகிற மாதங்கள்தான் உப்பளத் தொழிலாளிக்கு வேலை இல்லாத மாதங்கள். மழையில் பாத்தியெல்லாம் முழுகிக் கிடக்கும். மறுபடி உப்பு எடுக்கிறவரை கடன்தான். வருகிறவர்கள் அகஸ்தியம்பள்ளியில் காரை நிறுத்தி, 1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய நினைவுத் தூணைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். அதே உப்பில் நின்று நின்று வெடித்துப்போன காலோடு எங்கள் பெண்கள் இன்றைக்கும் வாருகிறார்கள். களத்து மேட்டில் உப்புக்குக் கிடைக்கிற விலைக்கும் கடையில் பாக்கெட்டில் விற்கிற விலைக்கும் எந்த ஒட்டும் இல்லை. சித்தப்பா ஓய்வு பெற்றபோது கையில் ஒன்றும் வரவில்லை. இதைப் பற்றி யாரும் நட்சத்திரம் போட்டு எழுதுவதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முடிந்தால் பயணத்தை ஜனவரி கடைசிக்குத் தள்ளுங்கள். டிசம்பரை விட்டால் வேறு விடுமுறை கிடையாது என்றால் முந்தின நாளே வந்து வேதாரண்யத்தில் தங்குங்கள். அங்கிருந்து 10, 12 கிலோமீட்டர்தான். விடியலில் போங்கள், இல்லாவிட்டால் மாலை நாலு மணிக்கு மேல். நடுப்பகலில் கானல் எதையும் காட்டாது. வனத்துறை சோதனைச்சாவடியில் அனுமதி வாங்கும்போதே இப்போது தண்ணீர் எந்தப் பக்கம் வற்றியிருக்கிறது என்று கேளுங்கள். காவலர்களுக்குத் தெரிந்த அளவு இணையத்தில் யாருக்கும் தெரியாது. உப்பள வரப்பில் நடப்பதென்றால் அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கேமரா அவசியமே இல்லை. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8×42 பைனாகுலர் ஒன்று போதும், பிள்ளைகளும் தூக்கிப் பார்க்கலாம். பறக்கிற படம் வேண்டுமென்று கைதட்டிக் கூட்டத்தைக் கிளப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து பிள்ளைகளுக்கு அதைப் பழக்காதீர்கள். திரும்பிப் போகும் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கத்தான் அவை இங்கே தின்றுகொண்டிருக்கின்றன.

பொங்கல் விடுமுறையில் வந்தால், தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் பிள்ளைகளையும் சேர்த்துவிடுங்கள். ஒரே இடத்தில் கால்மணி நேரம் நின்று பார்த்ததை பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்ட் செயலியில் ஏற்றினால் போதும். கூகுள் மேப்பில் எழுதுவதானால் எழுதுங்கள், குறையையும் எழுதுங்கள். ஆனால் எந்த மாதம், எத்தனை மணிக்குப் போனீர்கள், தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்து வருகிறவருக்கு அதுதான் உதவும்.