பச்சை உடம்புக்காரி வீட்டுக்கு வரும் முன்னே: கேள்வி பதில்

கொருக்குப்பேட்டையிலிருந்து: அடுத்த மாசம் மனைவிக்குப் பிரசவம். முதல் மாடி வீடு, தண்ணி லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருது. முதல்ல எதைத் தயார் பண்ணணும் அக்கா?

தண்ணியைத்தான் தம்பி. வழக்கமான செலவுக்கு மேல நாளுக்கு சுமார் 7 குடம் போகும்: குழந்தை துணிக்கு 4, அம்மா குளிக்க 2, கை கழுவ, பாத்திரம் அலச ஒண்ணு. குடம் 15 லிட்டர்னா, லாரி வராத நாளையும் சேர்த்து 210 லிட்டர் ஆகும்; 200 லிட்டர் டிரம் ஒண்ணும், கூட ஒரு குடமும் தனியா வேணும். டிரம் மூடி இறுக்கமா இருக்கணும். டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், அதுவும் டிரம் சுவத்துல ஒட்டிக்கிற மாதிரி. வாரம் ஒருதரம் காலி பண்ணி உள்பக்கத்தை நார் போட்டுத் தேய்ங்க. சும்மா கொட்டிட்டு ரொப்பினா முட்டை அங்கேயே இருக்கும்.

நிறைகுடம் 15 கிலோ. பிரசவமாகி 6 வாரத்துக்கு அதை உங்க மனைவி தூக்கவே கூடாது; சிசேரியன்னா குழந்தையோட எடைக்கு மேல எதுவுமே வேண்டாம். மாடிக்கு யார் ஏத்தறதுன்னு இன்னிக்கே பேசி முடிவு பண்ணுங்க. "அப்போ பார்த்துக்கலாம்"னு விட்டா, நீங்க வேலைக்குப் போனதும் அவங்கதான் குடத்தோட கீழே இறங்குவாங்க.

தண்டையார்பேட்டையிலிருந்து: எம்.சி. ரோட்டுல குழந்தைக்குப் புதுத்துணி எடுத்தாச்சு. பாட்டி பழைய வேட்டிதான் வேணும்ங்கறாங்க. எத்தனை தேவைப்படும்?

பாட்டி சொல்றது சரி. பல தடவை துவைச்ச பருத்தி மெத்துனு இருக்கும், சீக்கிரம் காயும். எட்டு முழ வேட்டியில ஜரிகைக் கரையை எடுத்துட்டு ரெண்டடி சதுரமா வெட்டினா 12 துணி வரும். ரெண்டு வேட்டி போதும். ஐப்பசி, கார்த்திகையில பிரசவம்னா மூணு. ஓரத்தை மடிச்சுத் தைச்சுடுங்க. பிரிஞ்ச நூல் குழந்தையோட கால் விரல்ல சுத்திக்கிட்டா ரத்த ஓட்டமே நின்னுடும். விடாம அழுது காரணம் புரியலைன்னா, ஒவ்வொரு விரலா பிரிச்சுப் பாருங்க.

மலம் பட்ட துணியை முதல்ல பச்சைத் தண்ணியில அலசணும். எடுத்ததுமே சுடுதண்ணி ஊத்தினா கறை பிடிச்சுக்கும். வாசனைக்காக கம்ஃபர்ட் மாதிரி எதுவும் கலக்காதீங்க, துணி ஈரத்தை உறிஞ்சாது.

காசிமேட்டிலிருந்து: மருமகளுக்காக பால்சுறா சொல்லி வெச்சிருக்கோம். தினமும் புட்டு செஞ்சு கொடுக்கலாமாம்மா?

சுறா வேண்டாம்மா. மத்த மீனைத் தின்னு வளர்ற மீன் அது. உடம்புல பாதரசம் சேர்ந்துக்கிட்டே போகும், தாய்ப்பால் வழியா குழந்தைக்கும் கொஞ்சம் போகும். அதே புட்டை நெத்திலியில செய்யுங்க. கால் கிலோ நெத்திலியை தலை கிள்ளி, மஞ்சள், உப்பு போட்டு 5 நிமிஷம் ஆவியில வேக வெச்சு, நடுமுள்ளை உருவி உதிர்த்துக்குங்க. ரெண்டு கரண்டி நல்லெண்ணெயில 10 சின்ன வெங்காயம், தட்டின பூண்டு 20 பல் வதக்கி, மிளகுத்தூள் தூவி, மீனைப் போட்டு ஈரம் வத்துற வரைக்கும் கிளறணும். அவசரப்பட்டு இறக்கினா குழைஞ்சு கவிச்சி அடிக்கும்.

ஆனா பாலை ஊற வைக்கிறது மீன் இல்லைம்மா. மார்பு காலியாக காலியாகத்தான் பால் ஊறும். நாளுக்கு 8 முதல் 12 தடவை குழந்தை சப்பிக் குடிக்கணும். பத்தியம்னு மருமகளுக்குத் தண்ணியை மட்டும் குறைச்சுடாதீங்க. மலம் இறுகி, தையல் போட்ட இடத்துல உயிர் போற வலி வரும்.

வியாசர்பாடியிலிருந்து: ஒரே ரூம், ஷீட் கூரை. ஃபேன் போட்டா சளி பிடிக்குமா? தூளி கட்டலாமா?

ஃபேன் தாராளமா போடுங்க, காத்து நேரா முகத்துல அடிக்காம இருந்தா போதும். நம்ம ஊர் புழுக்கத்துல குல்லா, ஸ்வெட்டர் வேண்டாம். பிடரியைத் தொட்டுப் பாருங்க, வேர்த்திருந்தா ஒரு துணியைக் குறைங்க. கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை ரெண்டும் ஒத்தை ரூமுக்கு ஆகாது. குடை மாதிரி விரியற கொசுவலை வாங்கிக்குங்க.

தூளி விஷயத்துல நான் கண்டிப்பாவே சொல்றேன். பச்சைக் குழந்தைக்குக் கழுத்து நிக்காது. தூளிக்குள்ள வளைஞ்சு படுக்கும்போது தாடை நெஞ்சுல முட்டி மூச்சுக்குழாய் மடங்கும், சத்தமும் வராது. ராத்திரி பாய் மேல மெல்லிய விரிப்பு போட்டு, தலையணை இல்லாம, மல்லாக்கப் படுக்க வைங்க.

ராயபுரத்திலிருந்து: பிரசவம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு ஆஸ்பத்திரியில. வீட்டுக்கு வந்தப்புறம் எதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடணும் அக்கா?

அம்மாவுக்கு ஒரு மணி நேரத்துல ஒரு நாப்கின் முழுசா நனைஞ்சா, 100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல் அடிச்சா, கண் மங்கி தலை வலிச்சா, ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா உடனே கிளம்பணும். ரெண்டு வாரம் தாண்டியும் அம்மா அழுதுக்கிட்டே இருந்தா, "எல்லாருக்கும் இருக்கறதுதான்"னு சொல்லாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

குழந்தை பால் குடிக்காம துவண்டா, மூச்சு வாங்கினா, மஞ்சள் உள்ளங்கால் வரைக்கும் இறங்கினா, தொப்புளைச் சுத்தி சிவந்து நாத்தம் வந்தா விடியட்டும்னு காத்திருக்காதீங்க. ஒரு வாரம் ஆன குழந்தை நாளுக்கு 6 தடவையாவது ஒண்ணுக்குப் போகணும். குறைஞ்சா பால் பத்தலைன்னு அர்த்தம். தொப்புள்கொடியில எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் வைக்காதீங்க, தானா காஞ்சு விழும்.

டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை ரெண்டையும் ஒரே கவர்ல போட்டு, கதவுக்குப் பக்கத்து ஆணியில மாட்டி வைங்க. ராத்திரியில 108 வண்டி வர்றப்போ தெருமுனையில நின்னு வழிகாட்ட ஓர் ஆளையும் இப்பவே சொல்லி வெச்சுடுங்க.