கற்பனைத் தீவில் மழை

ஐயா, கற்பனைத் தீவு ஒன்றை வைத்து நாவல் எழுதுகிறேன். வரைபடம், அரச பரம்பரை, தனி எழுத்துமுறை எல்லாம் தயார். காலம்தான் பிடிபடவில்லை. 1025-இல் ராஜேந்திர சோழனின் படை கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, தாக்கியதற்கு முன்பா, இன்றிலிருந்து ஆயிரம் ஆண்டு கழித்தா? பதிப்பாளர் கிடைப்பாரா?
- ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

பதிப்பாளர் பேச்சு இப்போது வேண்டாம். எழுத்துமுறையும் கிடக்கட்டும். நீங்கள் அனுப்பிய குறிப்பில் ஏழு அரசர்களின் பெயர் இருக்கிறது. அந்தத் தீவில் சனங்கள் என்ன வேலை செய்து சோறு உண்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

பினாங்கில் இரண்டு வாரமாக மழை. அம்மாவை நினைத்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. அவர் கெடாவில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பர்ப் பால் குளிர்ந்த வேளையில்தான் நன்றாக ஓடும். அதனால் விடியுமுன்பே பிரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. இரவில் மழை பெய்துவிட்டால் பட்டை நனைந்துவிடும். வெட்டினாலும் பால் கண்டபடி வழியும், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சேராது. வேலை இல்லை, கூலியும் இல்லை. எங்கள் லயத்து வரிசை வீட்டின் தகரக் கூரையில் முதல் துளி விழுந்ததுமே அம்மா எழுந்துவிடுவார். விளக்கேற்ற மாட்டார். கதவைத் திறந்து வெளியே கையை நீட்டி, தூறலா அடைமழையா என்று உள்ளங்கையால் பார்ப்பார். பிறகு இருட்டில் அரிசி டின்னின் மூடி திறக்கும் சத்தம் கேட்கும். காலையில் தமிழ்ப்பள்ளியில் நாங்கள் மழையை வாழ்த்தும் பாட்டை உரக்கப் பாடுவோம்.

அதே மொழி, அதே சாமி. வயலை விட்டுத் தோட்டத்துக்குத் தொழில் மாறியதும் மழைக்குப் பொருளே மாறிப்போனது. நீங்கள் தேடும் காலமும் தொழிலுக்குள்தான் இருக்கிறது. பால் மரம் வேண்டுமென்றால் 1877-க்கு முன்னால் போக முடியாது. அந்த ஆண்டுதான் கன்றுகள் இந்தப் பக்கம் வந்தன. பாய்மரக் கப்பல் என்றால், தென்மேற்குக் காற்றில் வந்தவன் வடகிழக்குக் காற்று எழும்வரை ஊர் திரும்ப முடியாது. அந்த மாதங்களில் அவனுக்கு யார் சமைத்தார்கள், எந்த மொழியில் கடன் கேட்டான்? இரும்பு உருக்குபவர்கள் என்றால் கெடாவில் பழைய இரும்பு உலைகள் தோண்டியெடுக்கப்பட்ட சுங்கை பத்துவுக்குப் போய், மண்ணிலிருந்து எடுத்த துருத்திக் குழாய்களைப் பாருங்கள். பட்டர்வொர்த்திலிருந்து அதிக தூரமில்லை. போகாமல் கடாரத்தை எழுதாதீர்கள்.

அரசர்களை எடுத்து வையுங்கள். உங்கள் தீவில் நள்ளிரவில் மழை பிடிக்கிறது. முதலில் எழுந்து உட்காருவது யார்? ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.