ஐப்பசி மழைக்கு ஒரு அரசாணி கேக்

வணக்கமுங்க அக்கா,

எங்க அண்ணன் மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அக்டோபர் வந்தால் போதும், அங்கே இலையுதிர் காலம் என்று அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி) போட்டு, பட்டை கிராம்பு மணக்க மூன்றடுக்குக் கேக் செய்து போட்டோ அனுப்புவாள். இந்தத் தீபாவளிக்கு ஊருக்கு வருகிறாள். அவளுக்கு அந்தக் கேக்கை நானே செய்து வைக்க ஆசை. செய்து பார்த்ததில் அடுக்கெல்லாம் நடுவில் புடைத்துக்கொண்டன, க்ரீம் இளகி மேலடுக்கு சரிந்துவிட்டது, பட்டை ருசியைத் தவிர வேறொன்றும் நாக்கில் தெரியவில்லை. குறிப்பில் டின்னில் வரும் பூசணி விழுதும் பிரவுன் சுகரும் கேட்கிறார்கள், விலை கட்டுப்படியாகவில்லை. "ஐப்பசியில மழையல்லோ பேயுது, இலை எங்க உதிருது? நமக்கெதுக்கு அம்மிணி இந்தக் கேக்கு?" என்று மாமியார் வேறு கேட்கிறார். நீங்கதான் வழி சொல்லணும்.

ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள தங்கைக்கு,

மாமியார் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் கிடைத்தால் உங்கள் கேக்கும் பாதி சரியாகிவிடும்.

அமெரிக்காவில் அரசாணி முற்றி அறுவடைக்கு வரும் பருவமும், குளிர் ஆரம்பிக்கும் பருவமும் ஒன்று. அந்தக் குளிருக்குக் காயோடு சுக்கும் ஜாதிக்காயும் இதமாக இருக்கும். நமக்கு ஐப்பசியில் மழையும் ஈரக்காற்றும். அதே நாட்களில்தான் நாமும் சுக்கு, மிளகு, திப்பிலி இடித்துத் தீபாவளி மருந்து கிளறுகிறோம். அரசாணி அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த கொடி. ஏலமும் மிளகும் நம் மலைகளிலிருந்து கப்பலேறிப் போன சரக்கு. கொடுக்கல் வாங்கல் ரொம்பப் பழசு என்று மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 1796-ல் அமேலியா சிம்மன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி வெளியிட்ட சமையல் புத்தகத்தில் அரசாணி புட்டிங்குக்கு இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. ஒன்றில் ஜாதிபத்திரி, ஜாதிக்காய், இஞ்சி. மற்றதில் கரும்புப் பாகு, ஆல்ஸ்பைஸ் என்ற மிளகு மாதிரியான வாசனைக் காய், இஞ்சி. இரண்டிலும் பட்டை கிடையாது. இன்று எல்லாவற்றிலும் பட்டையைக் கொட்டுவது பின்னால் வந்த பழக்கம். உங்கள் கேக்கில் மற்ற வாசனையை அமுக்கியது அதுதான். பட்டையை ஒன்றரை டீஸ்பூனோடு நிறுத்துங்கள், அதுவும் மெல்லிய சுருள் பட்டையாக இருக்கட்டும். சுக்கை ஒன்றரை டீஸ்பூனுக்கு உயர்த்துங்கள். ஏலம் அரை, ஜாதிக்காய் அரை, மிளகு கால், கிராம்பு கால். கிராம்பு அதற்கு மேல் போனால் நாக்கு மரத்துப்போகும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராக ஜாதிக்காய் நன்றாக விளைகிறது. முழுக் காயாக வாங்கி, செய்யும்போதே துருவுங்கள். பொடியாக வாங்கினால் மணம் பாதிகூட இருக்காது.

டின்னும் பிரவுன் சுகரும் வேண்டவே வேண்டாம். பிரவுன் சுகர் என்பது கரும்புப் பாகின் வாடை கலந்த சர்க்கரை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே நாட்டுச் சர்க்கரை போகும் கவுந்தப்பாடி உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மழை நாளில் அது ஈரம் இழுத்துக் கட்டிபிடிக்கும். சலித்து, கப்பில் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

அரசாணிதான் கவனமாகச் செய்ய வேண்டியது. டின் விழுது கெட்டியாக இருக்கும். நம் காயை வேகவைத்து அரைத்தால் தண்ணீர் விடும், அந்தத் தண்ணீர் கேக்கைக் களி மாதிரி ஆக்கிவிடும். தோல் இறுகி, உள்ளே நல்ல மஞ்சளாகப் பழுத்த காயாக வாங்கி, தண்ணீர் ஊற்றாமல் ஆவியில் வேகவையுங்கள். மசித்து வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, பிறகு அடிகனமான வாணலியில் போட்டுக் கிளறுங்கள். கரண்டியால் இழுத்தால் வாணலியின் அடி ஒரு நொடி தெரிந்து பிறகு மூட வேண்டும், அதுதான் பதம். இந்த விழுது 300 கிராம் வேண்டும்.

அடுத்து வெண்ணெய். ஊத்துக்குளி வெண்ணெய் 150 கிராம் எடுத்து, நெய் காய்ச்சுவதுபோல உருக்குங்கள். முதலில் சடசடவென்று சத்தம் வரும், பிறகு சத்தம் அடங்கி நுரை பொங்கும். அடியில் தங்கும் கசடு வெங்காயச் சருகு நிறத்துக்கு வந்ததும் இறக்கி, அந்தச் சூட்டிலேயே மசாலாப் பொடிகள் அத்தனையும் போட்டுக் கலக்குங்கள். இந்த வாசனைகள் கொழுப்பில்தான் நன்றாக இறங்கும். வறட்டு மாவில் கலந்தால் அவ்வளவாக எழாது. இந்த ஒரு வேலைக்காகவே இந்தக் கேக்கைச் செய்யலாம் என்பேன். வடிகட்டாதீர்கள், அந்தக் கசடில்தான் ருசி.

ஆறியதும் வாசனையில்லாத எண்ணெய் 80 மில்லி, நாட்டுச் சர்க்கரை 280 கிராம், முட்டை நான்கு, புளித்த தயிர் 60 கிராம், அரசாணி விழுது எல்லாம் சேர்த்து அடியுங்கள். மைதா 300 கிராம், சோடா உப்பு ஒரு டீஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன் சலித்துப் போட்டு, மாவு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். ஏழு அங்குலத் தட்டு மூன்றில் எடை பார்த்துச் சமமாகப் பிரித்து ஊற்றுங்கள்.

புடைப்புக்குக் காரணம் சூடு. ஓரம் முதலில் வெந்து இறுகிவிடும், நடு மட்டும் எழும்பிக்கொண்டே இருக்கும். சின்ன ஓடிஜி (கரண்டில் ஓடும் சிறிய அவன்) என்றால் மேல் கம்பியும் கிட்டத்தில் இருக்கும். 180 டிகிரியை 165 ஆக்கி, தட்டைக் கீழ்த் தளத்தில் வையுங்கள். நனைத்துப் பிழிந்த துணிப் பட்டையைத் தட்டின் வெளி ஓரத்தைச் சுற்றிக் கட்டினால் அடுக்கு மட்டமாக எழும். அரை மணி நேரம் கழித்துக் குச்சி விட்டுப் பாருங்கள். மூன்றும் ஒன்றாகக் கொள்ளாவிட்டால் காத்திருக்கும் தட்டு ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். இடி இடிக்கும் சாயங்காலத்தில் ஆரம்பிக்காதீர்கள், பாதியில் கரண்ட் போனால் எழும்பியது அமுங்கிவிடும்.

அடித்த க்ரீம் நம் ஊர்ச் சூட்டுக்கு நிற்காது. பால் 250 மில்லியில் மைதா 35 கிராம், சர்க்கரை 200 கிராம் கலந்து கூழாகக் காய்ச்சி, முழுக்க ஆறவிடுங்கள். தண்ணீர் பிழிந்த வெண்ணெய் 225 கிராமைப் பஞ்சாக அடித்து, கூழைக் கரண்டி கரண்டியாகச் சேருங்கள். கேக்கில் இளஞ்சூடு இருக்கும்போது தடவினால் இதுவும் வழியும். அடுக்குகளை முதல் நாளே சுட்டு, காற்றுப் புகாமல் மூடிக் குளிரவைத்திருந்து, மறுநாள் ஒவ்வொரு அடுக்காக மெல்லிசாகத் தடவி ஏற்றுங்கள். பக்கவாட்டில் பூச வேண்டியதில்லை, அந்தத் தேன் நிறம் வெளியே தெரிவதே அழகு.

கூடவே குடிக்கச் சுக்குமல்லிக் காபி போடுங்கள், இனிப்புக் குறைவாக. அமாவாசை, நோன்பு என்று வீட்டில் முட்டை ஆகாது என்றால் வெட்டுவதை அடுத்த நாளுக்குத் தள்ளிவையுங்கள். ஃப்ரிட்ஜில் கெட்டுப்போகாது, மசாலா மணமும் இன்னும் கூடும். வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் போதும்.

அன்புடன்,
அக்கா