ஒளியாண்டு காலமா, தூரமா? அங்கே போகாமல் எப்படி அளந்தார்கள்?

ஒளியாண்டு என்பது காலமா தூரமா, ஒரு விண்மீன் இத்தனை ஒளியாண்டு தள்ளி இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள், ஒளி வந்து சேர எடுத்த நேரத்தை அளந்தா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தூரம்தான். ஒளி ஒரு விநாடியில் 2,99,792 கி.மீ. செல்லும். ஓராண்டில் அது கடக்கும் தொலைவு ஏறக்குறைய 9.46 லட்சம் கோடி கி.மீ. அதுவே ஓர் ஒளியாண்டு. நிலவின் ஒளி 1.3 விநாடியில் நம்மை எட்டுகிறது, சூரிய ஒளி 8 நிமிடம் 20 விநாடியில். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீனான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிதான் முக்கியமானது. பள்ளியில் படித்தபோது நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் விண்மீனிலிருந்து ஒளி எப்போது புறப்பட்டது என்று குறித்துவைக்க அங்கே யாரும் இல்லையே! நேரத்தை வைத்துத் தூரத்தை அளப்பது சூரியக் குடும்பத்துக்குள் மட்டுமே நடக்கும். 1969-இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் ஒரு பிரதிபலிப்பானை வைத்துவிட்டு வந்தார்கள். அதன்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சினால் இரண்டரை விநாடியில் திரும்பி வருகிறது. 1961-இல் வெள்ளிக் கோளுக்கு ரேடார் அலை அனுப்பி, அதன் வழியாகச் சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைத் திருத்தமாகக் கண்டார்கள்: சுமார் 14.96 கோடி கி.மீ. விண்மீன்களின் தொலைவை அளக்க நம்மிடம் இருக்கும் அடிக்கோல் இதுதான்.

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். பின்னால் உள்ள சுவரில் விரல் இடம் தாவும். விரலை மூக்கருகே கொண்டுவந்தால் தாவல் பெரிதாகும். இரு கண்களின் இடைவெளியும் தாவும் கோணமும் தெரிந்தால், விரலின் தூரத்தை முக்கோணக் கணக்கில் சொல்லிவிடலாம். ஜனவரியில் பூமி இருக்கும் இடமும் ஜூலையில் இருக்கும் இடமும்தான் வானியலாளர்களின் இரு கண்கள். நடுவே 30 கோடி கி.மீ. அருகிலுள்ள விண்மீன், வெகுதொலைவில் உள்ளவற்றின் பின்னணியில் இப்படி இடம் தாவுவதற்குப் பாடப்புத்தகங்களில் இடமாறு தோற்றப்பிழை என்று பெயர். அதில் உள்ள 'பிழை' எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. விண்மீன்களின் தூரத்தை அளக்க இதைவிட நம்பகமான வழி வேறில்லை.

ஆனால் அந்தக் கோணம் மிக நுண்ணியது. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு, 2.5 செ.மீ. அகல நாணயம் 5 கி.மீ. தள்ளி எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ அவ்வளவுதான். தாவும் கோணத்தில் பாதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். எந்த விண்மீனுக்கும் அந்தப் பாதி ஒரு கூறை எட்டுவதில்லை. 1838-இல் ஜெர்மன் வானியலாளர் பெசல் 61 சிக்னி என்ற விண்மீனுக்கு இதை அளந்து, சுமார் 10 ஒளியாண்டு என்றார். இன்றைய அளவு 11.4. தொலைநோக்கியில் கண்ணால் பார்த்தே அவ்வளவு நெருங்கியிருக்கிறார். 2013-இல் ஏவப்பட்ட கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களுக்கு இக்கோணத்தை அளந்திருக்கிறது. இதிலும் சறுக்கல் உண்டு. கார்த்திகைக் கூட்டத்துக்கு முந்தைய ஹிப்பார்கோஸ் விண்கலம் சுமார் 390 ஒளியாண்டு என்று சொல்ல, மற்ற முறைகள் 440-ஐ ஒட்டியே நின்றன. கையா வந்த பிறகு 440 பக்கம் உறுதியானது.

இன்னும் தொலைவுக்குப் போனால் தாவலே தெரியாது. அங்கே கைகொடுத்தவர் ஹார்வர்டு வானாய்வகத்தில் கண்ணாடித் தட்டுப் படங்களை ஆராய்ந்த ஹென்ரியட்டா லீவிட். சிறிய மெகல்லன் மேகம் என்ற கேலக்ஸியில் உள்ள 25 செபீட் விண்மீன்களை, அதாவது ஒளி கூடிக் குறைந்து துடிக்கும் விண்மீன்களை, ஒப்பிட்டு 1912-இல் அவர் கண்டது இது: மங்கிப் பிரகாசிக்க எடுக்கும் நாள்கள் கூடக்கூட, விண்மீனின் ஒளியும் அதிகம். எல்லாம் ஒரே மேகத்தில், கிட்டத்தட்ட ஒரே தொலைவில் இருப்பதால் அந்த ஒப்பீடு செல்லும். ஆக, அருகிலுள்ள சில செபீடுகளின் தூரத்தை வேறு வழியில் அளந்துவிட்டால், மற்றவற்றில் துடிப்பின் நாள்களை எண்ணினாலே உண்மையான ஒளி எவ்வளவு என்று தெரிந்துவிடும். நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று பார்த்தால் தூரம் கிடைக்கும். இரு மடங்கு தூரத்தில் ஒளி கால்பங்காகும்.

1923-இல் அமெரிக்க வானியலாளர் ஹபிள் ஆண்ட்ரமீடா கேலக்ஸியில் அப்படி ஒரு செபீடைக் கண்டுபிடித்தார். அவர் கணக்குக்கு வந்தது சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. செபீடுகளில் இரண்டு வகை உண்டு என்று 1952-இல் வால்டர் பாடே காட்டியபோது அது இரு மடங்கானது. இன்று 25 லட்சம் என்கிறோம். நிலவில்லாத ஓர் இரவில் பைனாகுலரில் ஆண்ட்ரமீடாவை முதன்முதலாகப் பார்த்தேன். வெளிறிய ஒரு புகைத்திட்டு, அவ்வளவுதான். அந்தத் திட்டுக்குள் ஒற்றை விண்மீனைப் பிரித்தெடுத்து அதன் துடிப்பை எண்ணியிருக்கிறார்கள் என்பது, தொலைவைவிட எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது.

அதற்கும் அப்பால் ஒன்ஏ வகை சூப்பர்நோவாக்களின், அதாவது ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் வெடிக்கும் விண்மீன்களின், உச்ச ஒளியை வைத்து அளக்கிறார்கள். மிகத் தொலைவில், பிரபஞ்சம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் செம்பெயர்ச்சிதான் துணை. ஒவ்வொரு முறையும் தனக்குக் கீழே உள்ள முறையின்மேல் நிற்கிறது. கீழே இருப்பது அசைந்தால் மேலே எல்லாம் அசையும்.

செய்திகளில் ஒன்றைக் கவனியுங்கள். '1,340 கோடி ஒளியாண்டு தொலைவில் கேலக்ஸி' என்று ஜிஎன்-இசட்11 பற்றி எழுதினால், அது உண்மையில் ஒளி பயணம் செய்த ஆண்டுகள். ஒளி வந்துகொண்டிருந்த காலமெல்லாம் பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருந்ததால், இப்போது அந்தக் கேலக்ஸி சுமார் 3,200 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிறது.