அகலமான வீலுக்காக ஃபெண்டரை வெட்டலாமா?

கேள்வி: என் காரில் 6.5 அங்குல அகலமும் 45 மி.மீ. ஆஃப்செட்டும் (வீலின் நடுத்தளத்துக்கும் அது காரில் பொருந்தும் முகத்துக்கும் இடையிலான தூரம்) கொண்ட 16 அங்குல வீல்கள் உள்ளன. அவற்றுக்குப் பதிலாக 8 அங்குல அகலமும் 35 ஆஃப்செட்டும் கொண்ட 17 அங்குல அலாய் வீல்களைப் பொருத்த விரும்புகிறேன். ஃபெண்டர், அதாவது சக்கரத்தின் மேலுள்ள தகட்டின், விளிம்பை உள்பக்கம் மடக்கினாலே போதும் என்கிறார் டிங்கரிங் செய்பவர். வெட்டித்தான் ஆக வேண்டும் என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவருமே தகட்டைப் பற்றிப் பேசுகிறார்கள், முதலில் பேச வேண்டியது அளவைப் பற்றி. அகலத்தில் கூடும் 38 மி.மீ. உள்ளும் புறமும் 19 மி.மீ. வீதம் பிரியும், ஆஃப்செட் 10 குறைவதால் வீல் முழுவதும் மேலும் 10 மி.மீ. வெளியே தள்ளப்படும். ஆக, வெளி விளிம்பு இப்போதிருப்பதைவிட 29 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு சஸ்பென்ஷனை நோக்கி 9 மி.மீ. நகரும். விளிம்பை மடக்குவதால் அந்த மடிப்பின் அகலம்தான் மிச்சமாகும் என்பதால், 29 மி.மீ. தேவையை அது பெரும்பாலும் ஈடுசெய்யாது.

வெட்டுவதாக இருந்தால், முன்புறமும் பின்புறமும் ஒன்றல்ல என்பதைத் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். பெரும்பாலான கார்களில் முன் ஃபெண்டர் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்ட தனித்தகடு. கெட்டுப்போனாலும் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். பின் சக்கர வளைவிலோ வெளித்தகடும் உள்தகடும் அந்த விளிம்பில்தான் ஸ்பாட் வெல்டிங்கால் இணைந்து உடற்கூட்டின் பகுதியாக இருக்கின்றன. அங்கே வெட்டினால் இரண்டும் பிரிந்துவிடும். மீண்டும் பற்றவைத்து, இணைப்பில் சீலர் பூசி, துருத்தடுப்பு பெயிண்ட் அடிக்காவிட்டால், டயர் வாரி இறைக்கும் நீரும் சேறும் உள்ளே புகுந்து, வெளியே தெரியாமலே தகட்டை அரிக்கத் தொடங்கும். இதைச் செய்யாமல் ஃபிளேரை (சக்கர வளைவை அகலமாக்கும் பட்டையை) மேலே ஒட்டி மறைக்கும் வேலைக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

மடக்குவதிலும் கவனம் தேவை: ஹீட் கன்னால் பெயிண்டைச் சூடாக்கி, ஹப்பில் (வீல் பொருந்தும் நடுப்பகுதியில்) மாட்டும் ரோலரைக் கொண்டு சிறிது சிறிதாக மடக்க வேண்டுமே தவிர, சுத்தியலால் அடிக்கக் கூடாது. பெயிண்டில் விரிசல் கண்டால் அன்றே மூடிவிடுங்கள்.

என் கருத்தில், 7.5 அங்குல அகலமும் அதே 45 ஆஃப்செட்டும் உள்ள வீலே உங்களுக்கு ஏற்றது. இருபுறமும் சுமார் 13 மி.மீ. மட்டுமே கூடும், வீலின் நடுத்தளமும் இடம் மாறாது. ஆஃப்செட் குறையக் குறைய வீல் பேரிங்கின் மீது விழும் சுமை கூடி, ஸ்டீயரிங்கின் தன்மையும் மாறும் என்பதால் இதை வலியுறுத்துகிறேன். இப்போதைய டயர் 205/55 ஆர்16 என்றால், புதியது 225/45 ஆர்17 ஆக இருக்கட்டும். மொத்த விட்டம் 632 மி.மீ.யிலிருந்து 634 ஆக மட்டுமே மாறும்.

வாங்குவதற்கு முன் ஒரு வீலை டயருடன் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்பை ஜாக்கியால் சஸ்பென்ஷனின் உச்சம்வரை உயர்த்தி, ஸ்டீயரிங்கை இரு முனைகளுக்கும் திருப்பிச் சோதிக்க வேண்டும். கார் சும்மா நிற்கும்போது தெரியும் இடைவெளியை நம்ப முடியாது. முன்புறத்தில் பம்பர் முனையும் சக்கர வளைவின் உள்ளே உள்ள பிளாஸ்டிக் லைனரின் திருகுகளுமே பெரும்பாலும் முதலில் உரசும். மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.