வன்னியில ஊர்ச்சனம் சேர்ந்து சுற்றுலா வைச்சு யானைச் சரணாலயம் நடத்தேலுமோ?

நடத்தலாம். ஆனா நீங்கள் கேட்ட ஒழுங்கைக் கொஞ்சம் மாத்தோணும். யானையைக் கொண்டுவந்து வைச்சு, ரூரிஸ்டைக் கூப்பிட்டு, வாற காசில ஊரை முன்னேத்தலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். எங்கட நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் யானையை ஒருத்தரும் கொண்டுவரத் தேவையில்லை, அது தானா வருது. காட்டு யானையைப் பிடிச்சு வைச்சிருக்கச் சட்டமும் விடாது. சரணாலயம் எண்டதும் நாங்கள் போர்ட் எழுதித் தொங்கவிடுற பேர் இல்லை, அரசாங்கம் கசற்றில, அதாவது வர்த்தமானியில, போடோணும். மடு றோட் அப்பிடிச் சரணாலயமா இருந்து 2015ல தேசியப் பூங்காவானது. அதால ஊர் நடத்தக்கூடியது எண்டா வாறாக்களுக்கு யானையைத் தூர நிண்டு காட்டுறதும், யானை வயலுக்க இறங்காமப் பாக்கிறதும்தான். ரெண்டையும் ஒண்டாச் செய்யோணும்.

ஏன் சொல்லுறன் எண்டா, மீள்குடியேறி வந்து நாங்கள் வைச்ச தென்னம்பிள்ளை நாப்பதும் மூண்டாம் வருசம் ஒரே இரவில போச்சு. கூட்டத்தை விட்டுத் தனியாத் திரியிற ஆண் யானை, தனியன் ஒண்டு. வேலி விழுந்த சத்தம்கூடக் கேக்கேல்லை, குருத்தை இழுக்கேக்க கிறீச் எண்டு கேட்டுத்தான் அம்மா எழும்பினவ. விடியப் போய்ப் பாத்தா ஒவ்வொரு பிள்ளையிலயும் நடுக்குருத்தை உருவி, அடியில வெள்ளையா இருக்கிற ஒரு சாண் நீளத்தை மட்டும் சப்பிப்போட்டு மிச்சத்தை அப்பிடியே எறிஞ்சிருக்குது. அம்மா அந்த ஓலையளைப் பொறுக்கி அடுக்கினாவே தவிர ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. நட்டஈடு வந்தது, ஆனா அதுக்கிடையில ரெண்டு போகம் போயிட்டுது. அப்பிடி இழந்த வீட்டுக்குப் போய் யானையைக் காப்பாத்துங்கோ எண்டு எந்த வாயால சொல்லுறது?

அதால என்ர முடிவு இதுதான், ரிக்கற் காசில முதல் பங்கு பயிர் இழந்த வீட்டுக்குப் போகோணும், அதுவும் அந்தப் போகத்துக்குள்ளயே. பிறகு இரவுக்காவலுக்குப் போறாக்கள், வேலி பாக்கிறாக்கள், அதுக்குப் பிறகுதான் வாகனக்காரர், சமைக்கிறாக்கள். வாகனத்துக்கும் வாய்க்கால் தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரி முறை வைக்கோணும், இல்லாட்டி ரெண்டு வருசத்தில வசதியான நாலு பேரின்ர கையில போயிடும்.

இது வெளியில நடந்துகொண்டிருக்கிற விசயம்தான். தாய்லாந்தில குய்புரி பக்கம் அன்னாசித் தோட்டத்தால சனத்துக்கும் யானைக்கும் பெரிய பகை இருந்தது, இண்டைக்கு அந்த ஊராக்களே தங்கட பிக்கப்பில ஆக்களை ஏத்திக்கொண்டு போய்க் காட்டு யானையைக் காட்டுகினம். கென்யாவில ரெற்றெற்றி யானைச் சரணாலயம் 2016ல தொடங்கினது, சம்புரு சனமே நடத்துற இடம், தாயில்லாக் குட்டியளுக்கு ஊர்ப் பெண்கள் ஆட்டுப்பால் விக்கினம். குட்டி உயிரோட இருந்தா ஊர் வீடுகளில அடுப்பு எரியுது. எங்கட உடவளவையில 1995ல இருந்து குட்டியளை வளர்த்துத் திரும்பக் காட்டில விடுகினம், பாக்க வாற சனம் தூரத்தில நிண்டு பால் குடுக்கிறதைப் பாத்திட்டுப் போகோணும், தொடேலாது. அந்த ஒழுங்கை அப்பிடியே எடுங்கோ. முதுகில ஏத்துறது, குளிப்பாட்டுறது, செல்பி ஒண்டும் வேண்டாம்.

வேலி விசயத்தில கவனம். காட்டு எல்லையில மட்டும் கரண்ட் வேலி போட்டா ரெண்டு பக்கமும் யானை நிக்கும். வயலைச் சுத்தி, விதைக்கேக்க போட்டு அறுவடையோட கழட்டுற வேலிதான் நல்லது, கமக்காரர் அமைப்பே அதைப் பாக்கலாம், அறுத்த பிறகு யானை வந்து வயலில மிஞ்சின ஒட்டை, அதாவது தாளை, மேஞ்சிட்டுப் போகட்டும். காட்டுறதுக்கு நல்ல காலம் ஆடி, ஆவணி. தண்ணி வத்த வத்தக் குளத்துக்குள்ள புல்லு முளைக்கும், பின்னேரம் நாலு மணிபோல குட்டியளை நடுவில விட்டுக்கொண்டு யானையள் கூட்டமா இறங்கும். முன்னங்காலால புல்லை உதைச்சுக் கிளப்பி, தும்பிக்கையில சுருட்டி, மண் போகத் தொடையில ரெண்டு தட்டுத் தட்டித்தான் வாயில வைக்கும். குளக்கட்டில ஒரு பரண் இருந்தாக் காணும், ஜீப்பைக் குளத்துக்குள்ள இறக்கவே கூடாது, மின்னேரியாத் தேசியப் பூங்காவில யானையைவிட ஜீப் கூடிப்போற நாளும் இருக்குது.

இப்ப நீங்கள் செய்யவேண்டியது, ஹோட்டல்காரரோட கதைக்க முதல் கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்குப் போய், போன போகம் ஆர் ஆருக்கு எவ்வளவு அழிஞ்சது எண்டு கேட்டு ஒரு கொப்பியில எழுதுங்கோ. பொம்பிளையளிட்டயும் தனியாக் கேளுங்கோ, வீட்டுத்தோட்டத்து வாழை, மரவள்ளி எல்லாம் அவைதான் கணக்கு வைச்சிருப்பினம்.